பன்னிரண்டு அங்குலத் தாள்

பிப்ரவரி 6, செவ்வாய்

தொழிலாளர் அலுவலகம் எங்கள் ஆலை ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் படிவங்களைத் திருப்பிவிட்டது. படிவத்தின் மேல்கட்டம் சங்கத்திலிருந்து விலகுபவருக்கு, கீழ்க்கட்டம் சேருபவருக்கு. முதல் தாளில் பெயர் சரியாக விழுந்திருக்கிறது. போகப்போக மேலே ஏறி, எங்கள் செயலாளர் காந்திமதியே விலகியவர் ஆகிவிட்டார்.

ஒப்பந்த நிறுவனத்தின் எச்.ஆர். அதிகாரி விஜயராகவனும் அங்கே இருந்தார். "உங்க பேப்பரே அந்தம்மா விலகிட்டாங்கன்னு சொல்லுதே." பிறகு குரலைத் தணித்து, "லிஸ்ட்டை மட்டும் குடுங்க சார். எங்க ஆபீஸ்லயே நீட்டா அடிச்சுத் தர்றோம்."

பட்டியல் அவர் கைக்குப் போனால் மறுநாள் எத்தனை பேரை கேட்டில் நிறுத்துவார்கள்? ஓய்வுக்குப் பிறகுதான் சங்கத்தின் எழுத்து வேலைக்கு வந்தேன்; தகவல் தந்தவர் பெயரைச் சொல்லாமலே முப்பது வருடம் செய்தியாளனாக இருந்தவனிடம் கேட்கிற காரியமா இது? தர மாட்டேன் என்றேன்.

கையால் எழுதினால் செல்லாது. வெள்ளி கடைசி நாள்.

பிப்ரவரி 7

ஸ்கேல் வைத்து அளந்தேன். படிவம் ஓரத்தில் ஓட்டை போட்ட தொடர்தாள்; நீளம் பன்னிரண்டு அங்குலம். டேட்டாபேஸ் மென்பொருளில் தாளின் அளவு ஏ-ஃபோர் என்றிருக்கிறது. அது கொஞ்சம் குட்டை. அந்தக் குறைதான் தாளுக்குத் தாள் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. பன்னிரண்டு என்று மாற்றினேன்.

மாலையில், ஆலையின் சரக்கு அனுப்பும் பிரிவில் பிரிண்டர் ஓட்டும் மாரி வந்து அச்சடித்தான். இப்போது பெயர் கீழே இறங்கி முகவரியின் மேல் விழுகிறது. சே. இது என்ன புது வம்பு?

பிப்ரவரி 8

காந்திமதி சொன்னார்: "தோழர், பேசாம லிஸ்ட்டை அந்த எச்.ஆர்.கிட்டயே குடுத்துடலாம்னு ரெண்டு பேர் சொல்றாங்க. நான் திட்டி அனுப்பிட்டேன்."

தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். ஒன்று அரைவிரல் இறங்கியிருக்கிறது, அடுத்தது ஒரு விரல். ஒரே அளவாக நகர்ந்தால் கணக்கில் தப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்றால்? மனிதக் கை.

மாரியை மறுபடி அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு படிவமும் முடிந்ததும் பிரிண்டரின் பக்கவாட்டுக் குமிழைத் திருகித் தாளை மேலே ஏற்றி, சரக்கென்று கிழிக்கிறான். தாளை யாரோ நகர்த்தியது மெஷினுக்கு எப்படித் தெரியும்? விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகிறது.

"ஏன்டா கிழிக்கிற?"

"டெஸ்பாட்ச்ல அப்டித்தான் சார் பழக்கம். லாரிக்காரன் ஹாரன் அட்ச்சிகினே நிப்பான். கேட்பாஸ் வந்தவொடனே கிழிச்சுக் குட்த்துடணும்."

"இங்க எந்த லாரி நிக்குது?"

தலையைச் சொறிந்தான். "கை கேக்கல சார்."

கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். நின்றான். பெயர்கள் கீழ்க்கட்டத்தில், கோட்டைத் தொடாமல்.

பிப்ரவரி 9

ஒன்றையும் கிழிக்காமல் மடிப்பு மடிப்பாகவே கொண்டுபோனோம். தொழிலாளர் அலுவலக அதிகாரி, "கிழிச்சு எடுத்துட்டு வரக்கூடாதா?" என்றார். "ஒண்ணு விடாம பாத்துட்டு நீங்களே கிழிங்க சார்," என்றார் காந்திமதி. மேசை நிறைந்து தாள் தரையில் இறங்கியது. விஜயராகவன் எட்டிப் பார்க்க வந்தார். அதிகாரி அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

முத்திரை விழுந்தது.

பிப்ரவரி 10

தூங்கினேன்.

மார்ச் 12

சங்கத்துக்கு அங்கீகாரம் வந்துவிட்டது. காந்திமதி சங்க பேட்ஜைக் குத்திக்கொண்டே ஒரகடம் ஆலை கேன்டீனில் பரிமாறியிருக்கிறார்.

"விஜயராகவன் பாத்தாரா?"

"பாத்தாரு. பாக்காத மாதிரி, சைடுல வந்து தட்டை நீட்டுனாரு."

"போட்டீங்களா?"

"வரிசைல வரச் சொன்னேன், தோழர்."