ஒரே வீட்டில் பிரிந்து வாழ்ந்தவர்கள்

ஜனவரி 8

முன்னறைக்காரருக்கு,

என் வக்கீலம்மா சொன்னதை எழுதுகிறேன். விவாகரத்து கேட்குமுன் நாம் ஓராண்டு ‘பிரிந்து வாழ்ந்திருக்க’ வேண்டும் என்கிறது சட்டம். இரண்டு வாடகை கொடுக்க நம்மால் ஆகாது. ஒரே வீட்டில் இருந்தாலும் கோர்ட் ஒத்துக்கொள்ளுமாம். ஆனால் புருஷன் பெண்டாட்டியாக வாழவில்லை என்று காட்ட வேண்டுமாம். தனிச் சமையல், தனித் துவையல், பேச்சும் தேவைக்கு மட்டும். அதனால்தான் கதவிடுக்கில் இந்தக் கடுதாசி. குழாயை இறுக்கி மூடுங்கள். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

இப்படிக்கு,
பின்னறை

மார்ச் 19

பின்னறை மகாராணிக்கு,

குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். ஊரில் உள்ள ஃபிரிட்ஜையெல்லாம் ரிப்பேர் செய்கிறவனுக்கு முட்டை பொரிக்க வரவில்லை, கருகிவிட்டது. நீ சிரித்தது இங்கே கேட்டது. சிரித்தால் வழக்குக்குப் பாதகமா என்று வக்கீலம்மாவைக் கேட்டு வை.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வேலை முடிந்து தெருமுனை திரும்பினால் உன் அறையில் விளக்கு எரிகிறதா என்றுதான் பார்க்கிறேன். நீ உள்ளேதான் இருக்கிறாய். ஆனாலும் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

முன்னறை

ஏப்ரல் 2

முன்னறைக்காரருக்கு,

இத்தனை வருஷத்தில் பேசாததை ஒரே தாளில் பேசிவிட்டீர்கள். டிக்கெட் கவுன்டரில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்து உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று உட்கார்ந்திருப்பேன். நீங்கள் “ம்” என்பீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பாசத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

பின்னறை

செப்டம்பர் 14

அன்புள்ள உனக்கு,

ஜுரம் விட்டுவிட்டது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாய். என் சட்டையைக்கூட அலசிப் போட்டிருக்கிறாய். வக்கீலம்மாவுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார். கோர்ட்டில் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?

நான்

செப்டம்பர் 15

கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பின்னறை

பிப்ரவரி 6

அன்புள்ள உனக்கு,

நீதிபதி கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். நீ ஊட்டியதைச் சொன்னால் வழக்கு நிற்காது, நீ போக மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். வக்கீலம்மாவுக்கு முகமே செத்துவிட்டது.

அந்த மனுஷர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். ‘பிரிந்து’ என்று சட்டம் சொல்வதைச் சுவரை வைத்தும் அடுப்பை வைத்தும் அளக்க முடியாது, என்ன உறவாக நினைத்துச் செய்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். உன்னைப் பார்த்து, “என்ன நினைச்சும்மா செஞ்சீங்க?” என்று கேட்டார். “பக்கத்து வீட்டுக்காரருக்கு முடியலைன்னாலும் செய்வேங்க. அப்படித்தான் செஞ்சேன்” என்றாய். தீர்ப்பு உன் பக்கம் வந்துவிட்டது.

நான் மேல்முறையீட்டுக்குப் போக மாட்டேன். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அது வக்கீலம்மா சொல்லிக்கொடுத்ததுதானே? கோர்ட்டுக்காகச் சொன்னேன் என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. அதை வைத்துக்கொண்டு நான் இருந்துவிடுவேன்.

நான்

பிப்ரவரி 9

உங்களுக்கு,

கவுன்டரில் கூட வேலை பார்க்கும் அக்கா வீட்டில் ஓர் அறை காலியாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

நீங்கள் கேட்ட வரியை எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. வக்கீலம்மா எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீதிபதி கேட்கும்வரை எனக்கே அதற்குப் பதில் தெரியாது.

ஜுரத்தில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போகாதே” என்றீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. முன்பெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காக உயிரையே கொடுத்திருப்பேன். அன்று எனக்கு ஆசையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. பால் ஆறிவிடுமே என்றுதான் நினைத்தேன்.