அடித்துவிட்டு சாரி சொல்கிறவள்

20 ஜனவரி 2013, ஞாயிறு

வாரத்தில் ஒருநாள்தான் துணி துவைக்க வாய்க்கிறது. அதையும் கம்பெனி பிடுங்கிக்கொண்டது. பெண் ஊழியர்களுக்குத் தற்காப்புப் பயிற்சியாம். கேன்டீன் மேசைகளை ஓரம் தள்ளி எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். கற்றுக்கொடுக்க வந்த ஷாரோன் மணிமங்கலத்துப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள், என் தோள் உயரம்தான் இருப்பாள்.

உள்ளங்கையை நீட்டிக் குத்தச் சொன்னாள். குத்தினேன். "சாரி" என்றேன். மறுபடி குத்து. மறுபடி சாரி.

"இன்னாக்கா, அடிச்சிட்டு அடிச்சிட்டு மன்னிப்பு கேட்டுக்கினு கீற?"

கத்தவும் வேண்டுமாம். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. என் அறைத்தோழி சுகப்பிரியா, "ஏட்டி, உன் சத்தத்துல திருடன் தூங்கிருவாம்லா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

23 ஜனவரி

இனி ஞாயிறுதோறும் பயிற்சி உண்டு, விருப்பமுள்ளவர்கள் மட்டும் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். முதல் பெயர் என்னுடையது. இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

காரணம் பாண்டுரங்கன் சார். ஒயர் சேர்க்கும் எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர். வேலையைப் பார்க்கிறேன் என்று பின்னால் வந்து நிற்பார். வலது கை என் தோளில் வந்து உட்காரும். வேலையைப் பார்க்கக் கண் போதாதா? ஏழு மாதமாக இப்படித்தான். மார்ச்சோடு கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிக்கலாமா என்று எழுதுவதும் அதே கைதான். வேலை போனால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். போன மறுவாரமே மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

அருவருப்பா இருக்கு. சொன்னா யாரு நம்புவா? தட்டிக்குடுத்தாருன்னு சொல்லிருவாங்க.

3 பிப்ரவரி

சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்து இடுப்பில் ஏதோ இடித்தது. விலகினேன். மறுபடி இடித்தது. ஷாரோன் சொன்னபடி முழங்கையை ஓங்கி இறக்கினேன். சுருட்டிவைத்த கோரைப்பாய்.

பாய்க்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, இந்தப் பாயி உன்னை இன்னா பண்ணிச்சு?"

அந்தம்மாவிடம் சாரி சொன்னேன். இறங்கும்போது பாயிடமும் சொல்லியிருக்கிறேன். சுகப்பிரியா சத்தியம் செய்கிறாள்.

17 பிப்ரவரி

இன்று சாரி சொல்லவில்லை. "ஐயோ" என்றேன். முன்னேற்றம்தான் என்கிறாள் ஷாரோன்.

3 மார்ச்

மகளிர் தினத்தன்று எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டுமாம். அடி வாங்கத் திருடன் ஒருவர் வேண்டும். எச்.ஆர். வாங்கி வந்த பஞ்சு அங்கி ஒரே ஆளுக்குத்தான் பொருந்தியது. பாண்டுரங்கன் சாருக்கு!

அதுவரை உடம்பு சரியில்லை, வெட்கமாக இருக்கிறது என்று நழுவியவர்களெல்லாம் ஓடிவந்து பெயர் கொடுத்தார்கள். ஐந்து பேர் போதும் என்றதற்கு நாற்பத்து மூன்று பெயர். அப்போதே எச்.ஆருக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டாமா? "பெண்களிடம் என்ன ஆர்வம்!" என்று மகிழ்ந்துபோனார்.

8 மார்ச்

உதைத்தேன். விழுந்தார். கைதட்டல். மேனேஜர் கையால் ஹாட்பாக்ஸ் பரிசு. எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நினைக்கவே இல்லை.

11 மார்ச், திங்கள்

அதே தோள். அதே கை. "அன்னிக்கு நல்லாத்தான் ஒதச்சே" என்று சிரிப்பு வேறு.

கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. ஏழு ஞாயிறு எங்கே போச்சு? அங்கி போட்டால் அவர் திருடன். கழற்றிவிட்டால் சார்.

12 மார்ச்

லைனில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. தவறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அழுத்தி லைனை நிறுத்தலாம். யாரும் அழுத்துவதில்லை. நின்ற நிமிடத்துக்கெல்லாம் மேலே பதில் சொல்ல வேண்டும்.

இன்று அழுத்தினேன்.

லைன் நின்றது. அத்தனை பேரும் திரும்பினார்கள். "இன்னா ஆச்சு?" என்றார் சார். கை இன்னும் தோளில்தான்.

"கை, சார்."

கத்தவில்லை. பந்தியில் உப்பு கேட்பதுபோல்தான் சொன்னேன். எடுத்துவிட்டார்.

மெயின்டனன்ஸ் ஜெபகுமார் ரெஜிஸ்டரோடு ஓடிவந்தார். "இன்னா சிஸ்டர் எழுதறது? ஒயரு மாட்டிக்கிச்சுனு போட்டுக்கவா?"

பேனாவை வாங்கி நானே எழுதினேன். 'நின்ற நேரம்: நான்கு நிமிடம். காரணம்: சூப்பர்வைசரின் கை என் தோளில் இருந்தது. கையை எடுத்ததும் லைன் ஓடியது.'

எழுதிப்புட்டேன். வேலை போயிரும் — போகட்டும். ஐயோ, போகக்கூடாது.

13 மார்ச்

முந்தின நாள் லைன் நின்ற காரணங்களைக் காலைக் கூட்டத்தில் மேனேஜர் வாசிப்பார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. முழுவதும் வாசித்து முடித்து, வழக்கம்போல, "இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டும்விட்டார்.

பாண்டுரங்கன் சார் தன் ஷூவைப் பார்த்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

பிறகு எச்.ஆர். கூப்பிட்டார். "எங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா. லைனை ஏன் நிறுத்தினே?"

"தப்பு கண்ணுல பட்டா நிறுத்தணும்னு நீங்கதான சார் எழுதி ஒட்டியிருக்கீங்க" என்றேன். எனக்கு இவ்வளவு வாய் எப்போது முளைத்தது?

2 ஏப்ரல்

கான்ட்ராக்ட் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். பாண்டுரங்கன் சார் ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளோடு இருக்கிறார். பெட்டிகளிடமிருந்து புகார் இல்லை.

மத்தியானம் மூன்றாவது லைன் ஆறு நிமிடம் நின்றது. அங்கே சூப்பர்வைசர் வேறு ஆள். ஜெபகுமார் கொண்டுபோன ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்தேன். 'சூப்பர்வைசரின் கை' என்று காரணம் எழுதியிருந்தது சுகப்பிரியாவின் கையெழுத்தில்.

ஒரே அறை, ஒரே பாத்திரத்துச் சோறு. இத்தனை நாளும் என்னைக் கிண்டல் செய்து எல்லோரையும் சிரிக்க வைத்தவள்.

"எத்தனை நாளாட்டி?" என்று ராத்திரி அறையில் கேட்டேன்.

"தீபாவளிக்கு முந்தியே" என்றாள், துணியை மடித்துக்கொண்டே.