நைனா வெட்டிய குழாய்

செவ்வாய்க்கிழமை, இரவு

இறாலை ஐஸில் போட்டு வைக்க, நைனா போன வாரம் காயலான் கடையிலிருந்து ஓடாத பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கி வந்தார். பெட்டி மட்டும் போதுமென்று அதன் பின்பக்கக் குழாயை அவர் வெட்டும்போது நான்தான் பிடித்துக்கொண்டேன். உஸ்ஸென்று வாயு வெளியேறியது. இருவரும் சிரித்தோம்.

இன்று அறிவியல் டீச்சர் சொன்னார். பழைய பிரிட்ஜுகளில் இருக்கும் அந்த வாயு மேலே போய், வெயிலில் உடைந்து, குளோரினாகி ஓசோனைத் தின்னுமாம். ஓசோன் குறைந்தால் புறஊதாக் கதிர் அதிகமாக இறங்கிக் கண்ணில் புரை வளர்க்குமாம்.

"மேல போக எத்தன நாள் ஆகும் டீச்சர்?"

"நாளா? வருஷக்கணக்கா ஆகும்டி."

அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு கண்ணிலும் புரை. பகலெல்லாம் ஏரியில் குனிந்து கையால் இறால் பிடிப்பவள். அவள் கண்ணைக் கெடுத்தது எங்கள் வாயு இல்லை. ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை.

சாயங்காலம் அவளிடம் சொல்லிவிடலாமென்று வாசலில் போய் நின்றேன்.

"யாரும்மா அது? இறாலு தீந்துபோச்சு, நாளைக்கு வா."

"நான்தாம்மா."

"அட கழுத, நீயா! வெயில்ல தெரியலடி." சிரித்தாள். "இறால் புடிக்கக் கண்ணு இன்னாத்துக்கு? கை போதும்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவளுடைய இறால் கூடையை உள்ளே எடுத்து வைத்தேன். அந்த வாயு இப்போதும் மேலே போய்க்கொண்டிருக்கும். அது போய்ச் சேரும்போது ஏரியில் யார் குனிந்திருப்பார்கள்? தங்கச்சிக்கு இப்போது மூன்று வயது.