அவ போட்ட நாலு

மார்ச் 15

செய்தி வந்தது காலைல 11.42-க்கு. டெஸ்ட் ட்ராக்குக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, அது லாக்கர்ல கிடந்துச்சு. அதனால 11.42ங்கறது வாசல் செக்யூரிட்டி வயர்லெஸ்ல கூப்பிட்ட நேரம். நான் லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு கார்ல உக்காந்திருந்தேன். டேட்டா பதிவு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதான் நிமிஷம் வரைக்கும் தெரியும். "சார், வீட்ல இருந்து போன். உடனே வரணுமாம்." நான் பதிவை நிறுத்தி, ஃபைலுக்குப் பேர் குடுத்து, சேவ் பண்ணிட்டுத்தான் இறங்கினேன். பேர் வேற குடுத்திருக்கேன். பதினொரு நாளா அதையே யோசிக்கறேன்.

அவ, என் பொண்டாட்டி, எங்க கம்பெனி டெஸ்ட் டிரைவர். அதுக்கு முந்தின நாள்தான் மணிக்கு இருநூத்தி அறுபது கிலோமீட்டர்ல ஓட்டிட்டு வந்தா. மறுநாள் லீவு போட்டுட்டு பல் டாக்டர்கிட்ட போனா. டோக்கன் நம்பர் ஆறு. நாலாவது ஆளை உள்ள கூப்பிட்டப்போ நாற்காலியிலயே சாஞ்சுட்டா. மூளையில ஏதோ ரத்தக் குழாயாம். முப்பத்தோரு வயசு.

துக்கம் கேக்க வர்ற எல்லாரும் காரைத்தான் திட்டறாங்க. பெரியப்பா, "அப்பவே சொன்னேன், இந்தப் பேய் வண்டியெல்லாம் எதுக்குன்னு"ன்னார். "பல் டாக்டர்கிட்ட போனப்போ நடந்துச்சு பெரியப்பா." கொஞ்சம் ஏமாந்த மாதிரி பாத்தார். அப்புறம், "பல்லை அப்பப்போ பாத்துக்கணும்"னார்.

மார்ச் 17

அத்தை, அதான் அவளோட அம்மா, காலைல எட்டு, மதியம் ஒண்ணு, சாயங்காலம் ஆறுன்னு போன் பண்றாங்க. மூணு வேளையும் ஒரே கேள்வி. "சாப்பிட்டீங்களா மாப்ள?" சாப்பிட்டேன் அத்தை. பத்து செகண்டுல முடிஞ்சுடும்.

மார்ச் 19

வேலைக்குப் போனேன். வீட்ல இருந்தா அவ செருப்பு கண்ல படுது.

மேனேஜர் தோள்ல கை வெச்சு, "எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ, அவசரமே இல்ல"ன்னார். அதே மூச்சுல, "ஏப்ரல் நாலாம் தேதி உன் கையெழுத்து வேணும்"னார்.

கையெழுத்து எதுக்குன்னா, ஸ்டீயரிங்ல ஒரு நாப், திருகற குமிழ், இருக்கு. எட்டு நிலை. ஒண்ணுல வெச்சா ஈர ரோட்டுக்கு, கார் பூனை மாதிரி போகும். அஞ்சு, ஆறுன்னு திருப்பத் திருப்ப பின்சக்கரம் கொஞ்சம் கொஞ்சமா சறுக்கும். எந்த நிலையில எவ்வளவு சறுக்க விடலாம், எப்ப கம்ப்யூட்டர் குறுக்க வந்து பிடிக்கணும்னு எழுதறது என் வேலை. எட்டாவது நிலை ஆஃப். அதுல கம்ப்யூட்டர் எதுலயும் தலையிடாது. திரையிலயும் புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு.

ஒவ்வொரு நிலைக்கும் டெஸ்ட் டிரைவர் பத்துக்கு மார்க் போடணும். மார்க் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல வந்தா எல்லாருக்கும் சந்தோஷம். ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் அவ எட்டு எட்டா போட்டிருக்கா.

ஆஃபுக்கு நாலு.

மார்ச் 20

அந்த மார்க்குக்குப் பக்கத்துல அவ எழுதின குறிப்பு. சாய்வா, காகிதத்தைக் குத்தற மாதிரி. "ஆஃப்னு போட்டிருக்கு. ஆஃப் இல்ல. யாரோ கையைப் புடிக்கறாங்க."

அவ கடைசியா ஓட்டின நாள் சாயங்காலம் அதுதான் சண்டை. அவ வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேட்டா, "இன்ஜினியர் சார், உள்ள ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" நான், "ஒண்ணும் இல்ல, உனக்குப் பிரமை"ன்னேன். அவ கத்தியை வெச்சுட்டு என்னைப் பாத்தா. "இருந்தா இருக்கட்டும்டா. தப்பில்ல. சொல்லிட்டு வை." பிரமைதான்னு திரும்பவும் சொன்னேன். மறுநாள் காலைல பல்வலி, அவ்வளவா பேசல. பல்வலியாலதானா? இனிமே யாரைக் கேக்கறது.

மார்ச் 23

புது டிரைவர் வந்துட்டான். எட்டு நிலைக்கும் ஒன்பது மார்க். கேன்டீன் சாம்பிள் சூப்புக்கும் ஒன்பதுதான்னு பசங்க சொல்றாங்க. பேரே ஒன்பதுன்னு ஆயிடுச்சு.

"ஆஃப்ல ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். பயங்கர சுதந்திரம்."

மார்ச் 24

நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல அஞ்சு வித்தியாசம். மூணுக்கு மேல போனா ரெண்டு டிரைவரையும் உக்கார வெச்சுப் பேசணும்னு விதி. ஒருத்தர் வர முடியலைன்னா அவர் மார்க்கை எடுத்துடலாம். வராததுக்குக் காரணம் மட்டும் போடணும்.

தரப் பிரிவு அக்கா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாங்க. மூணே காரணம்தான் இருக்கு. லீவு, இடமாற்றம், வேலையை விட்டாச்சு. "நான் எப்படிப்பா இதுல..."ன்னு இழுத்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு.

நான்தான் லீவுன்னு போட்டேன். அன்னைக்கு லீவுதானே போட்டிருந்தா.

ஏப்ரல் நாலுக்குள்ள அந்த நாலு தானா அழிஞ்சுடுமாம். நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

மார்ச் 26

அவளோட கடைசி ஓட்டத்து ஃபைலைத் திறந்தேன். ஆஃப் நிலை, மூணாவது வளைவு. காரோட பின்பக்கம் வெளிய போகுது, அவ ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பறா, அழகா பிடிச்சுட்டா. ஆனா அதுக்குள்ள என்னோட ப்ரோக்ராம் வெளிப்பக்க முன்சக்கரத்துல ஒரு தடவை பிரேக்கை அழுத்தியிருக்கு. ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. யாராலயும் உணர முடியாதுன்னு கணக்குப் போட்டு வெச்சது.

உணர்ந்துட்டா.

டீம்ல இதைச் சட்டத்துக்காக வெச்சதுன்னு சொல்லியிருக்கேன். சட்டமும் இல்ல, மண்ணும் இல்ல. அவதான் ஓட்டறா. அதனால வெச்சேன். அவ சுத்திச் சுவர்ல போய் அடிச்சுடக் கூடாதுன்னு போன வருஷம் ஒரு மத்தியானம் உக்காந்து எழுதினேன். பல் டாக்டர் நாற்காலிக்கு எதுவும் எழுதல.

மார்ச் 27

பெருமாள் கோயில் உண்டியல்ல காசு போடற மாதிரி எல்லாரும் என்கிட்ட அறிவுரை போட்டுட்டுப் போறாங்க. எண்ணிப் பாக்கல.

மார்ச் 30

ஒரு வழி இருக்கு. அந்த ஒளிஞ்சிருக்கற பிரேக்கை எடுத்துடறது. பத்து நிமிஷ வேலை. அவளே இல்ல, யாருக்காக இன்னும்? அப்ப ஆஃப்னா ஆஃப். அவ குறையும் தீர்ந்துடும், நான் பொய் சொன்னதும் யாருக்கும் தெரியாது. காலைல லேப்டாப்போட ட்ராக்குக்குப் போனேன், இன்னைக்கே எடுத்துடலாம்னு.

ஒன்பது ஓட்டிக்கிட்டு இருந்தான். நான் பக்கத்து சீட்டு. ஆஃப் நிலை. மூணாவது வளைவுல தண்ணி லாரி சிந்தின ஈரம். பின்பக்கம் போயிடுச்சு. அவன் தப்பான பக்கம் திருப்பிட்டான், நான் பாத்தேன். சுவர் இந்தப் பக்கம் வருது. அப்ப முன்சக்கரம் ஒரு தடவை கடிச்சுது. கார் நேரா ஆச்சு.

ஒன்பது ஓரமா நிறுத்தி, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். "பாத்தீங்களா சார்? கைவசம் தொழில் இருக்கு."

பாத்தேன்னு சொன்னேன். லேப்டாப்பை மூடிட்டேன்.

அவன் அடுத்த ரவுண்டு இன்னும் வேகமா போனான். தன்னோட திறமைன்னு நினைச்சுக்கிட்டான். வாங்கற ஒவ்வொருத்தனும் அப்படித்தான் நினைச்சுக்குவான். அது ஒரு தடவை பிடிக்கும், ரெண்டாவது தடவை வேகம் கூட இருந்தா பிடிக்காது.

எடுத்திருந்தா ஒன்பது செத்திருப்பான். சொல்லாம விட்டா அடுத்த மாசம் வேற எவனோ சாவான். அவ வெங்காயம் நறுக்கற நேரத்துல 'சொல்லிட்டு வை'ன்னுட்டா. எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

ஏப்ரல் 2

மீட்டிங்ல சொன்னேன். பிரேக் இருக்கட்டும். திரையில உண்மையைப் போடலாம்.

சேல்ஸ் ஹெட் சிரிச்சார். "தம்பி, இவ்வளவு விலை குடுத்து வாங்கறவன் எட்டாவது நிலைக்குத் திருப்பறது எதுக்கு? பக்கத்துல உக்காந்திருக்கற ஆள்கிட்ட, 'பாரு, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன்'னு சொல்ல. அங்க போய், 'கவலைப்படாதீங்க, நாங்க பிடிச்சுக்கறோம்'னு எழுதிக் காட்டினா எப்படி இருக்கும்?"

"பிடிச்சுக்கறோம்னு இல்ல சார். ஒரு தடவைதான் பிடிப்போம்னு."

"அது இன்னும் மோசம்."

வெளிய வந்ததும் மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அவ ஞாபகத்துல பேசறே, புரியுது. நாலை விட்டுடு. நாளன்னைக்கு கையெழுத்து போடு. வேணும்னா காருக்கு ஒரு கலருக்கு அவ பேரை வைக்கச் சொல்றேன்."

என்ன கலர்னு கேட்டேன். அவர் உண்மையாவே யோசிச்சார்.

ஏப்ரல் 4

மத்தியானம் 2.50. கார்ல புது ப்ரோக்ராமை ஏத்திட்டேன்.

எட்டாவது நிலைக்குத் திருப்பினா திரையில இப்ப இப்படி வரும்: "ஆஃப். கார் சுழன்றால் ஒரு முறை மட்டும் பிரேக் போடும். அதை நம்பி ஓட்ட வேண்டாம்." லீவுன்னு போட்டதை எடுத்துட்டேன், அவ நாலு அப்படியே இருக்கு. அதுக்கு எதிர்ல இன்ஜினியர் பதில்னு ஒரு கட்டம், வழக்கமா "சரி செய்யப்பட்டது"ன்னு போடுவோம். நான், "டிரைவர் சொன்னது சரி. அவர் கேட்டபோது நான் பொய் சொன்னேன்"னு எழுதி, கீழ கையெழுத்து போட்டேன். இதை மாத்தணும்னா வேற இன்ஜினியர் கையெழுத்து வேணும். தன் பேர்ல இந்த வரியை அழிக்கறவன் யாருன்னு பாக்கலாம். ஆள் கிடைச்சாலும் கிடைப்பான்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். நாலு மணிக்கு நானே அத்தையைக் கூப்பிட்டேன்.

"என்ன மாப்ள, இந்நேரத்துல? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அத்தை. நான் மதியம் சாப்பிடல. நேத்தும் சாப்பிடல. ஒரு மாசமா பாதி நாள் உங்ககிட்ட பொய்தான் சொல்லிட்டிருக்கேன்."

"தெரியுமே. குரல்லயே தெரியும்."

"அப்புறம் ஏன் மூணு வேளையும் கேக்கறீங்க?"

"வேற என்னத்தைக் கேக்கறது, சொல்லுங்க?"

அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் கேட்டுச்சு. முதல்ல அழுதது யாருன்னு தெரியல.

அப்புறம் சொன்னேன். கடையில வாங்கினது இருக்கு, சாப்பிட்டுட்டுத் தூங்கப் போறேன். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டேன், பயப்படாதீங்க. வேலை விஷயமா நிறைய பேர் கூப்பிடுவாங்க, வேலை இருக்குமான்னும் தெரியல.

"சரி. பத்து அஞ்சுக்கு எடுக்கலைன்னா ஆட்டோ புடிச்சு வந்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

சாப்பிட்டேன். நிஜமா. அதுக்குள்ள சேல்ஸ் ஹெட் மூணு தடவை, மேனேஜர் ஒரு தடவை. புதுத் திரையைப் பாத்துட்டு ஒன்பது ஒரே ஒரு மெசேஜ்: "சார், அன்னைக்கு காரைப் பிடிச்சது நான் இல்லையா?"

அவனுக்கு மட்டும் "இல்ல தம்பி"ன்னு பதில் போட்டேன். போட்டுட்டு போனை ஆஃப் பண்ணிட்டேன்.