கற்பூரத்தை அணைத்த கை

மார்ச் 4, 1952

மழை. ரப்பர் மரங்களில் பால்வெட்டு இல்லை, பாலை உறையவைக்கும் ஸ்டோரில் எனக்கும் வேலை இல்லை. என் மனைவி பஞ்சாலையின் தோளில், வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பு அழுத்திய இடம் மறுபடியும் கருநீலமாகக் கன்றியிருக்கிறது. பால் வாளி சுமக்கிற எல்லாப் பெண்களுக்கும் தோள் சிவக்கும். இவளுக்கு மட்டும் முதுகு வரை பரவுகிறது. மூக்கில் ரத்தம் வந்தால் துண்டே நனைந்துவிடுகிறது. "எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க, ஒடம்பு வாகு" என்று சிரிக்கிறாள். கட்டை விரலை மணிக்கட்டு வரை மடக்கி எங்கள் மகள் பாப்பாவுக்கு வேடிக்கை வேறு. பாப்பாவும் அதேபோல மடக்குகிறாள்.

மார்ச் 11

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டதிலிருந்து வாசலில் தினமும் சோதனை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதாம். பெண்களைத் தடவிப் பார்க்க வந்தவள் பஞ்சாலையின் முதுகைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இப்படி அடிச்சது?" என்று கேட்டிருக்கிறாள். பின்னால் நின்றது பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்கா. கேட்க வேண்டுமா! பொழுது சாய்வதற்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க நான் பெண்டாட்டியை அடிப்பவன். நான் குடிப்பதுகூட இல்லையே.

மார்ச் 16, ஞாயிறு

கோயில் கூட்டத்தில் நிறுத்தினார்கள். "அவரு அடிக்கலைங்க" என்று பஞ்சாலை அழுதாள். கோயில் தலைவர், எங்கள் கங்காணி மாயாண்டி மண்டோர், "பயத்துல சொல்லுது லா" என்றார். இனி அடிக்க மாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவளும் பாப்பாவும் கோலா பிலாவில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அடிக்காதவன் 'இனி அடிக்க மாட்டேன்' என்றால் என்ன அர்த்தம்?

அணைத்தேன். உள்ளங்கை பொத்துவிட்டது. வீட்டில் பஞ்சாலை எண்ணெய் தடவினாள். "இனிமே என்னால உங்களுக்கு அவமானம் வராதுங்க" என்றாள். கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 17

ஸ்டோரில் என்னைக் கண்டால் விலகிப் போகிறார்கள். போகட்டும்.

ஏப்ரல் 20

பஞ்சாலை முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்கிறாள். இந்த வெயிலிலா? கேட்டால் கொசுவாம். கன்றல் எதுவும் கண்ணில் படவில்லை. சரியாகிவிட்டதோ? தாயம்மா அக்கா இன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சத்தியம் வேலை செய்கிறதாம்!

மே 22

போய்விட்டாள்.

ஜூன் 1

எழுதிவிடுகிறேன். வாய்க்கால் பலகையில் வழுக்கி விழுந்து, வாளி விளிம்பு வயிற்றில் இடித்திருக்கிறது. சில நாளாக மறைத்திருக்கிறாள். அன்று காலையும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறாள். மரத்தடியில் மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். ரவிக்கையை விலக்கினால் விலாவிலிருந்து இடுப்பு வரை ஒரே கறுப்பு.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு லாரியில் போகும்போது, "யாருகிட்டயும் காட்டாதீங்க. மறுபடி உங்களக் கோயிலுக்குக் கூப்புடுவாங்க" என்றாள். அதோடு பேச்சு நின்றது, சிரம்பானில் மூச்சும் நின்றது. அடிப்பாவி, எனக்காகவா மறைச்ச? நூறு தடவ கற்பூரம் அணைச்சிருப்பேனே —

டாக்டர், பிள்ளைக்கும் இருக்கிறதா என்று பாப்பாவின் காது மடலில் ஊசியால் குத்தி, உறிஞ்சுதாளால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். ரத்தம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. "தோலும் ரத்தக் குழாயும் பொறவியிலேயே மெல்லிசு. ரத்தமும் சீக்கிரம் ஒறையாது. அம்மாகிட்டேருந்து வந்தது. இதுக்கு மருந்து கெடையாது. அடிபடாம பாத்துக்குங்க, பட்டா ஒடனே கொண்டாங்க."

இன்று மண்டோர் வந்து வாசலில் நின்றார். நான் எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 9

பாப்பா குழாயடியில் விழுந்துவிட்டாள். அழவில்லை. எழுந்ததும் பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். ஏனம்மா என்றேன். "யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு."

அவளைத் தூக்கிக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போனேன். நானே பாவாடையை விலக்கிக் காட்டினேன். "நல்லா பாத்துக்குங்க. புள்ளைக்கு எங்க கன்னிப்போனாலும் எங்கிட்ட ஓடிவந்து சொல்லுங்க." தாயம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மண்டோர் குனிந்து, கறுத்து வீங்கும் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையைப் பார்த்தார். "லாரிக்கு நான் சொல்றேன்" என்று நடந்தார்.

லாரி வரும்வரை பாப்பாவின் காலை என் மடியில் மூடாமல் வைத்திருந்தேன்.