குதிகால் இல்லாத சாக்ஸ்

ஜூன் 3

மருமகளுக்கு,

நலமா என்று ஆரம்பித்தால் நீயும் நலம் என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவாய். போனிலும் அதைத்தான் செய்கிறாய். நான் பத்து வார்த்தை பேசினால் உன் பக்கம் ஒரு "ம்", அப்புறம் "அத்தை, பட்டாணி அழறா, வெச்சிடறேன்." கடிதத்தில் யாரும் அழமாட்டார்கள். பார்சலில் எப்படியும் ஒரு தாள் வைக்க இடமிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பட்டாணி என்று நீங்கள் கூப்பிடுகிற என் பேத்திக்கு இன்றோடு ஒரு மாதம். வரட்டுமா என்று மூன்று முறை கேட்டேன். முதல் முறை வீடு சின்னது என்றாய். இரண்டாம் முறை உனக்குச் சளி. மூன்றாம் முறை "பார்க்கலாம் அத்தை." கடையில் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பிரசவத்துக்கு உன் அம்மா இருந்தார், அது நியாயம். அவரும் ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இனி யார் இருக்கிறார்கள் உனக்கு?

சரி, பார்சலுக்கு வருகிறேன். இதில் இருப்பது நான் பின்னிய சாக்ஸ். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. முப்பது வருடமாக சாக்ஸை டஜன் டஜனாக விற்றிருக்கிறேன், ஒன்றைக்கூடப் பின்னியதில்லை. நம் கடைச் சரக்கிலேயே ஒரு கட்டு அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் மெஷின் சாக்ஸில் விரல் பக்கம் ஒரு தையல் மேடு வரும். நமக்குத் தெரியாது, ஒரு மாதக் குழந்தைக்கு அது கூழாங்கல் மாதிரி உறுத்தும். வாங்குகிறவர்களிடம் இதை நான் சொன்னதில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எதிர்க்கடைத் தையல்காரர்தான் நான்கு ஊசியில் பின்னக் கற்றுக்கொடுத்தார். கடை வாசலிலேயே நின்று, "ஊருக்கே சாக்ஸ் போட்டு விட்டவங்களுக்கு ஒரு குதிகால் வளைச்சுப் பின்னத் தெரியலையே" என்கிறார், வாடிக்கையாளர் காதில் விழும்படி. "உங்க சட்டைக் காலரை விட என் குதிகால் நேராத்தான் இருக்கு" என்றேன். அதோடு ஊசியை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள்தான் கொடுத்தார்.

அளவு தெரியாமல் பின்னியதால் ஒன்று கட்டைவிரலுக்குப் போதும், இன்னொன்றில் பேத்தியையே போட்டு வைக்கலாம். ஒரு உதவி செய். வெள்ளைத் தாளில் அவள் பாதத்தை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. இரண்டு பாதமும் வேண்டும்.

உன் அத்தை


ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

பார்சல் வந்தது. நூல் மிகவும் மென்மையாக இருக்கிறது. மேல் விளிம்பில் பின்னல் கண்ணிகள் ஒரே சீராக வந்திருக்கின்றன.

நம் கடையில் சரக்கின் தரம் பார்த்த செக்கிங் மேஜைப் பழக்கம் போகவில்லை. இரண்டையும் குதிகாலோடு குதிகால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். நம் கடையாக இருந்தால் நீங்களே கழிவுக் கூடையில் தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

பட்டாணி நன்றாகப் பால் குடிக்கிறாள். அவள் அப்பா காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருகிறார். வந்ததும் கை கழுவாமலே தூக்கப் போவார், நான் சத்தம் போடுவேன். அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் சண்டை.

கேட்டபடி இரண்டு பாதத்தையும் வரைந்து வைத்திருக்கிறேன். மூன்று படமும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இப்போது அலைய வேண்டாம் அத்தை. இந்த வருடம் இங்கே மலையில் குளிர் அதிகம். உங்கள் முழங்கால் வலி எனக்குத் தெரியும். அவள் கொஞ்சம் வளரட்டும், நாங்களே வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 14

மருமகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய இரண்டு பாதமும் ஒரே பாதம்.

கோபமாகச் சொல்லவில்லை. தாள்களை மேஜையில் விரித்து அளவு நாடாவை எடுத்தேன், அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. வலது பாதத்தில் சுண்டுவிரல் பக்கம் பென்சில் கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. இடது பாதத்திலும் அதே விரலில், அதே அளவுக்கு வழுக்கியிருக்கிறது. ஒரு தாளை மற்றொன்றின் மேல் கவிழ்த்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கோட்டின் மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது. ஒரு பாதத்தை வரைந்து, தாளைத் திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் வைத்து அடுத்ததை எடுத்திருக்கிறாய். செக்கிங்கில் நீ இப்படி ஒரு தவறை விட்டதே இல்லை. இதிலும் விட்டிருக்கமாட்டாய், வேறு வழி இருந்திருந்தால்.

இரண்டு பாதமும் அச்சாக ஒன்றுபோல் இருக்கிற மனுஷரை நான் பார்த்ததில்லை. எனக்கே வலது ஒரு நூல் பெரியது.

அப்புறம் படங்கள். மூன்றிலும் பேத்தி அழகாக இருக்கிறாள், மூக்கு நல்லவேளை உன் மூக்கு. ஆனால் மூன்றிலும் இடது கால் துணிக்குள் இருக்கிறது. வலது கால் வெளியே காற்று வாங்குகிறது. குளிருக்குப் போர்த்தினால் இரண்டையும் அல்லவா போர்த்துவார்கள்?

என் பையனுக்குப் போன் போட்டேன். பட்டாணி காலுக்கு என்னடா என்றேன். "அம்மா, அதை அவகிட்டயே கேளு. நான் சொன்னா என்னைக் கொன்னுடுவா" என்றான். உன்னிடம் பயப்படுகிறான், நல்லது, ஆனால் எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் உன்னிடமே கேட்கிறேன். என்ன ஆச்சு?

உன் அத்தை


ஜூன் 19

அத்தைக்கு,

பிறக்கும்போதே அவளுக்கு இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. உள்ளங்கால் மேலே பார்க்கிற மாதிரி. நிறையக் குழந்தைகளுக்கு இப்படி வரும், சரியாக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். வாரம் ஒருமுறை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விரல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி தொடை வரைக்கும் மாவுக்கட்டு போடுகிறார்கள். இப்போது இருப்பது மூன்றாவது கட்டு. மொத்தம் ஆறோ ஏழோ. அப்புறம் இரண்டு ஷூவையும் ஒரு கம்பியால் இணைத்து மாட்டுவார்கள். முதல் மூன்று மாதம் நாள் முழுக்க, பிறகு தூங்கும்போது மட்டும், சில வருடங்களுக்கு.

இதுதான் நடந்தது. உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரில் என்னால் முடியாது.

ஆறு வருடம் உங்கள் செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் பையனைக் கட்டிக்கொண்ட பிறகும் உட்கார்ந்தேன். எட்டாம் மாதத்தில் ஊருக்கு வந்தபோதுகூடச் சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கேதான் போய் உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு குழந்தை சாக்ஸை இழுத்து இழுத்து நேராக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினீர்கள். "குதிகால் கோணிடுச்சுன்னா அப்புறம் நேராகாது. நேரத்தை வீணாக்காதே, கூடையில போடு" என்றீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். சிரித்தேன்கூட.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியை விலக்கிக் காலைக் காட்டியபோது எனக்கு முதலில் கேட்டது உங்கள் குரல்தான் அத்தை. டாக்டர் சொன்னது அப்புறம்தான் கேட்டது.

நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது. சரக்கைப் பார்த்த முதல் நொடியிலேயே தேறுமா தேறாதா என்று முகத்தில் வந்துவிடும். நாங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அவளை நீங்கள் முதலில் பார்க்கிற அந்த நொடியை என்னால் பார்க்க முடியாது. அதற்குத்தான் வர வேண்டாம் என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

மருமகள்


ஜூன் 25

மருமகளுக்கு,

சொன்னேன். அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கமாட்டேன். நீ எழுதியதில் ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கியதும் நிஜம். நூலுக்குச் சொன்னதை நீ எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய் என்று முதலில் கோபம்தான் வந்தது. கடிதத்தை மடித்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். சாயங்காலம் திறந்து மறுபடி படித்தேன். வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாயை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யாராவது சொல்லித் தந்தா மற்றதெல்லாம் கற்றுக்கொண்டேன்? இதையும் நானே கற்றிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

முகத்தைப் பற்றியும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். அதற்கு என்ன செய்வது என்று யோசித்தேன். இந்த வயதில் புது முகம் வாங்க முடியாது. அதனால் இங்கே எலும்பு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை குழந்தைகளுக்குக் கட்டுப் போடுகிறார்கள் என்று விசாரித்தேன். செவ்வாய். கடையைத் தையல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

முதல் குழந்தையின் காலைப் பார்த்ததும் என் முகம் மாறிப் போனது. நீ பயந்த அதே மாதிரிதான் போயிருக்கும். அதன் தாய் தலையைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தாம்மா பாப்பாங்க, பழகிடுச்சு" என்றாள். அது எனக்கு நன்றாக உறைத்தது. பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒன்பது குழந்தைகள் வந்தன. நாலாவது குழந்தை வரும்போது நான் காலைப் பார்க்கவில்லை, அது என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே செலவாக வேண்டிய முகம் அங்கேயே செலவாகிவிட்டது. உன் வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இல்லை.

சும்மா உட்காரவும் இல்லை, விசாரித்தேன். கட்டுக்கு வெளியே தெரிகிற விரல் சில்லிட்டுப் போகும் என்றார்கள். கட்டின் மேல் விளிம்பு தொடையில் உராயும். கம்பி ஷூ போட்ட பிறகு குதிகாலில் தோல் சிவக்கும், சாக்ஸில் தையல் இருக்கவே கூடாது. இவ்வளவு பேர் தேடுகிற ஒன்று முப்பது வருடமாக என் கடையில் இல்லை.

தையல்காரரிடம் போய், "குதிகால் வேண்டாம், வேற சொல்லிக் குடுங்க" என்றேன். இரண்டு கண்ணி நேர், இரண்டு தலைகீழ், நாலு வரிசைக்கு ஒருமுறை ஒரு கண்ணி தள்ளிப் போடச் சொன்னார். சாக்ஸ் சுழன்று சுழன்று குழாய் மாதிரி இறங்குகிறது. கால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பும். கோணுவதற்கு அதில் குதிகாலே கிடையாது.

பார்சலில் இரண்டு இருக்கிறது. பெரியது கட்டின் மேல் போட, தொடை வரைக்கும் வரும், மேலே மடித்துவிட்டால் விளிம்பு உராயாது. சின்னது வலது காலுக்கு. ஜோடி இல்லை. குதிகாலோடு குதிகால் வைத்துப் பார்க்காதே.

இன்னொன்று. கூடையில் போட்டது எங்கே போகிறது என்று ஆறு வருடத்தில் நீ கேட்கவே இல்லை. குப்பைக்கு என்று நினைத்திருப்பாய். வீட்டுக்கு வரும். உன் புருஷன் பிறந்த நாளிலிருந்து பத்து வயது வரை போட்ட சாக்ஸ் அத்தனையும் அந்தக் கூடைதான். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தான் ஒருநாள். "உன்னை மாதிரி ஜோடி வேற யாருகிட்டயாவது இருக்கா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கும்மா, வீட்டுல" என்றான். அதே பச்சை சிவப்பில் அடுத்த ஜோடி. அழுகையை மறந்து அவனே சிரித்துவிட்டான். விற்காத சரக்கைத்தான் நான் என் பிள்ளைக்குப் போட்டு வளர்த்தேன்.

வா என்றால் வருகிறேன். சொல்லாவிட்டால் பார்சல் மட்டும் வரும்.

உன் அத்தை


ஜூலை 4

மருமகளுக்கு,

பார்சல் வந்து சேர்ந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். வேறு பதில் கேட்கவில்லை. குழந்தை வளர வளரக் கட்டும் பெரிதாகும் என்பதால் கொஞ்சம் அகலமாக இன்னொன்று வைத்திருக்கிறேன்.

பெஞ்சில் தலையைத் திருப்பிக்கொண்டாளே, அந்தத் தாய்க்கும் ஒன்று பின்னிக் கொடுத்தேன். இந்தச் செவ்வாயும் போயிருந்தேன்.

முழங்கால் பரவாயில்லை.

அத்தை


ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு பார்சலும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபம் இல்லை. உங்கள் பையனிடம் பச்சை சிவப்புக் கதையைக் கேட்டேன். "அதை வேற சொல்லிட்டாங்களா" என்று முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்கு உங்களுக்குத் தெரியாமல் வேறு கடையில் புது சாக்ஸ் வாங்கும்போது கடைக்காரரிடம் ஜோடியைப் பிரித்துத் தரச் சொன்னாராம். எனக்கு இது இத்தனை நாள் தெரியாது.

பெரிய சாக்ஸ் தொடை வரை சரியாக வருகிறது. விரல் சில்லிடுவதில்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது அவள் இடது பாதம். நேற்றுக் கட்டு மாற்றினார்கள். பழையதை வெட்டிப் புதியது போடும் நடுவில் பத்து நிமிடம் கால் சும்மா இருந்தது, அப்போது வரைந்தேன். உதறிக்கொண்டே இருந்தாள், கட்டைவிரல் பக்கம் கோடு தாளை விட்டு வெளியே ஓடிவிட்டது. இன்னும் கொஞ்சம் உள்ளே திரும்பித்தான் இருக்கிறது. திருத்தி வரையவில்லை. இருக்கிறபடியே இருக்கிறது.

கடைசிக் கட்டை வருகிற புதன்கிழமை வெட்டுகிறார்கள். அன்றைக்கே ஷூ அளவும் எடுப்பார்கள். வெட்டுகிற மெஷின் பெரிய சத்தம் போடும், அவள் துள்ளுவாள். ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். அவள் அப்பாவுக்கு லீவு இல்லை. காலை நான் பிடித்துக்கொள்கிறேன். முகத்துக்கு நேராக நீங்கள் நிற்க முடியுமா?

எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அதனால் செவ்வாயே வந்துவிடுங்கள். வளையல் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஷூ போட்ட பிறகு ஒரு நாளைக்கு நாலைந்து சாக்ஸ் மாற்ற வேண்டியிருக்குமாம். நீங்கள் ஒருவர் பின்னி முடியாது. கூடையில் இருப்பதையும் அள்ளிக்கொண்டு வாருங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டால் தையல் உறுத்தாது, போட்டுப் பார்த்துவிட்டேன். ஜோடி தேட வேண்டாம்.

உங்கள் மருமகளும்
பட்டாணியும்