முதலாளி கொண்டுவந்த கைகள்

திங்கள்
விடாத தூறல். பதுளை டவுனே பனிமூட்டத்தில். தைக்க வேண்டியது: பள்ளிக்கூடக் கால்சட்டை, ஒரு ஜாக்கெட். எதையும் தொடவில்லை. கட்சி வேலை. நான் கிளைச் செயலாளர்; என்றால் நாற்காலி தூக்குகிறவன்.

நகரசபைத் தேர்தலுக்கு ஓர் ஆளை நிறுத்தணும். ஞாயிறு உறுப்பினர் கூட்டத்தில் முடிவு. எல்லார் மனசிலும் மரகதம் அக்காதான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர், இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இடியப்பக் கடை. பின்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது அவர் போட்ட சண்டையால்.

சாயங்காலம் கிளைத் தலைவர் கூப்பிட்டார். குரல் தாழ்ந்தது.
"செல்லையா முதலாளி மருமகனப் போடச் சொல்றாரு. கட்சிச் செலவெல்லாம் அவருதானே?"
"மருமகன் கட்சியிலயே இல்லீங்களே."
"நேத்து சேந்துட்டாரு."

புதன்
மழை விட்டது. மருமகன் ரவி என் தையல் கடைக்கு வந்தார். மேடைச் சட்டைக்கு அளவு. கொழும்பில் வளர்ந்தவர், நல்ல பிள்ளை. "ஸ்பிரிங்வெளி எந்தப் பக்கம்ங்க?" என்றார். கையில் டேப்போடு திசை காட்டினேன். ரேடியோ கடை வைக்கத்தான் ஆசையாம். மாமனார் விடமாட்டாராம். பாவம்.

அக்காவிடம் சொல்லப் போனேன். இடியப்பம் பிழிந்துகொண்டே கேட்டார். "கை தூக்கச் சொல்லுங்க. தோத்தா தோக்குறேன். பேர வாசிக்காம மட்டும் விட்றாதீங்க." சம்பல் கூடுதலாக வைத்தார்.

ஞாயிறு
நல்ல வெயில். கூட்டம். கொழும்பிலிருந்து கட்சிப் பெரியவர் ஒருவர். அடுத்து முதலாளியின் லொறி. உள்ளே ஒரு கூட்டம், ஒரு முகமும் தெரியாது. மொனராகலையில் அவருடைய கரும்புத் தோட்டத்து ஆட்கள். சிங்களம் மட்டும்தான், தமிழ் ஒரு சொல் தெரியாது.

தலைவர் என் காதில், "எல்லாரும் நம்ம உறுப்பினர்தான், சேத்துக்கங்க." பட்டியலில் சேர்த்தேன். வெட்கம்.

டிரைவர் அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னது கேட்டது: பேர் வாசிச்சதும் கை தூக்கு, பிறகு சோறு. எந்தப் பேர் என்று சொல்லவில்லை.

அகரவரிசைப்படி வாசித்தேன். "மரகதம்."

லொறி ஆட்கள் அத்தனை பேரும் கை. சிலர் ரெண்டு கையும். முதலாளி பதறித் தமிழிலேயே கத்தினார், "கைய எறக்குங்கடா!" உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள். பார்த்தால், ரவி கையும் மேலே.

"இவனுங்க உறுப்பினரே இல்ல!" முதலாளி.
"அப்ப யாரு கூட்டிட்டு வந்தது?" கொழும்புப் பெரியவர்.
முதலாளி உட்கார்ந்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். முடிவு: மரகதம்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இருமல் மாதிரி நடித்தேன்.

திங்கள்
மறுபடி மழை. அக்கா கடையில் டீ. முதலாளி உள்ளே வந்தார், மாலையோடு. இதுவரை "ஏ இடியப்பம்" என்று கூப்பிட்டவர்.

"வாழ்த்துக்கள்மா. நீங்க நம்ம வீட்டுப் புள்ள. செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன்." உட்கார்ந்து இடியப்பமும் வாங்கிக்கொண்டார். "மார்க்கெட்டுக்குப் பின்னால உள்ள காணி விசயம் மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கங்க."

"ஆமாங்க, கவனிக்கணும்," என்றார் அக்கா. "நீங்க வேலி போட்டு வச்சிருக்கீங்களே, அதுதானே? பொதுக் கக்கூஸ் கட்ட ஒதுக்குன எடம்ங்க அது."

முதலாளிக்குப் புரையேறியது. தண்ணீர் எடுக்க ஓடினேன்.